பார்க்கின்சன் உள்ளவருக்குக் கண்புரை அறுவை: மாத்திரை நேரத்திலிருந்து தொடங்கும் வழிகாட்டி

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பதாவது வருடம் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. முதல் கண்ணுக்குப் பல தப்புகள் செய்தோம். இரண்டாவது கண்ணுக்கு அவற்றைத் தவிர்த்தோம். அதற்குப் பிறகு தெரிந்த ஐந்தாறு குடும்பங்களோடு இதே வேலைக்காகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். அறுவை என்னவோ பதினைந்து, இருபது நிமிட வேலை. ஆனால் அந்த இருபது நிமிடமும் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் விழ வேண்டும். அதற்கான ஏற்பாட்டை ஒரு மாதம் முன்பே தொடங்கினால்தான் முடியும்.

நான் மருத்துவர் அல்ல. கீழே எந்த மருந்தின் பெயர் வந்தாலும், அதை நிறுத்துவதும் மாற்றுவதும் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

1. பார்வை மங்குவது புரையாலா, பார்க்கின்சனாலா?

அறுவைக்குப் பிறகு "இன்னும் சரியாகத் தெரியலையே" என்று வருகிற ஏமாற்றம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் வருகிறது. அதனால் இது முதலில்.

பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் மட்டும் இல்லை, விழித்திரையிலும் இருக்கிறது. அது குறையும்போது ஒன்றுக்கொன்று நெருக்கமான நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது கடினமாகிறது. சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி தெரியாது. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இமைப்பதும் குறைகிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைப்போம். பார்க்கின்சனில் அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். கண் காய்ந்து, பார்வை கொஞ்ச நேரம் தெளிந்து, கொஞ்ச நேரம் மங்கும். இன்னொன்று, கிட்டத்தில் படிக்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்பாததால் எழுத்து இரண்டாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எழுத்து இரண்டாகத் தெரியும்போது ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லுங்கள். மூடியதும் ஒன்றாகிவிட்டால் அது இரண்டு கண்ணும் சேர்ந்து இயங்காத கோளாறு. புரையை எடுத்தாலும் போகாது. ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போதும் நிழல் போல இரண்டாகத் தெரிந்தால் புரை காரணமாக இருக்கலாம். இதைக் குறித்துக்கொண்டு போய், "புரையை எடுத்தால் எது சரியாகும், எது அப்படியே இருக்கும்?" என்று கண் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

இதற்காக அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பார்வை மங்கலாக இருப்பதே கீழே விழுவதற்கு ஒரு காரணம். இல்லாத ஆள் நிற்பது போலத் தெரியும் மாயத்தோற்றங்களையும் மங்கல் அதிகமாக்கும். இன்று மல்லாந்து படுக்க முடிகிறவருக்கு இரண்டு வருடம் கழித்து அது முடியாமல் போகலாம். புரையும் இறுகிக்கொண்டே போகும். "முற்றட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்து நல்லது நடந்த ஒரு வீட்டையும் நான் பார்க்கவில்லை.

2. ஐந்து நாள் மாத்திரைக் குறிப்பு

கண் ஆஸ்பத்திரியில் நாள் வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒரு நோட்டில், தொடர்ந்து ஐந்து நாளுக்கு, ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு உடம்பு இளகியது, எத்தனை மணிக்கு மறுபடி இறுகியது என்று எழுதுங்கள். தலையோ உடம்போ தானாக நெளிந்து ஆடும் நேரம் இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். நடுக்கம் வேறு, இந்த நெளிவு வேறு. நெளிவு வருவது மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது. அந்த நேரமும் அறுவைக்கு ஆகாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

பார்க்கின்சனுக்கு முக்கியமாகத் தரும் லெவோடோபா மாத்திரை (நம் ஊரில் பெரும்பாலும் சிண்டோபா) வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நோய் முற்ற முற்ற அது தாங்கும் நேரம் குறையும். அப்பாவுக்கு 7 மணி மாத்திரை 7:45க்குப் பிடிக்கும், 9:45க்கு இறங்கத் தொடங்கும். 8:15 முதல் 9:15 வரை நடுக்கமும் இல்லை, நெளிவும் இல்லை. எங்கள் ஜன்னல் அந்த ஒரு மணி நேரம்தான். உங்கள் வீட்டில் அது எப்போது என்று ஐந்து நாள் குறிப்பு காட்டிவிடும். ஒரே ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலச்சிக்கல், தூக்கம், காலைச் சாப்பாடு எல்லாமே நேரத்தை முன்பின் தள்ளும்.

3. மருந்துப் பட்டியலில் தவறவிடக் கூடாதவை

"பிரஷர், சுகர் மாத்திரை உண்டா?" என்று கண் ஆஸ்பத்திரியில் கட்டாயம் கேட்பார்கள். மற்றவற்றை நாம்தான் சொல்ல வேண்டும். எல்லா மருந்தையும் அதன் அளவோடு ஒரே தாளில் எழுதி, கீழே உள்ளவை இருந்தால் அடிக்கோடிடுங்கள்.

டாம்சுலோசின் (யூரிமேக்ஸ் போன்றவை). ஆண்களுக்குச் சிறுநீர் தடைக்காகத் தருவது. கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுவார்கள். இது கண்பாவையைச் சுற்றியுள்ள வண்ணத்திரையைத் தளரச் செய்து, அறுவையின் நடுவே கண்பாவை சுருங்கவும் திரை அலையவும் வைக்கும். இந்தத் தொடர்பு 2005இல்தான் மருத்துவ உலகுக்குத் தெளிவானது. சில நாள் நிறுத்தினாலும், ஏன், எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும், இது நேரலாம். முன்பே தெரிந்தால் அறுவை செய்பவர் அதற்குத் தயாராக வருவார். அதனால் பழைய மருந்தென்றாலும் சொல்லிவிடுங்கள்.

ரசாஜிலின், செலிஜிலின். பார்க்கின்சனுக்குத் தரும் மாத்திரைகள். இவற்றோடு டிரமடால், பெத்திடின் போன்ற வலி மருந்துகள் சேரக் கூடாது. டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் உள்ள இருமல் மருந்தும் கூடாது. அறுவைக்கு முன் இருமலை நிறுத்த மருந்துக் கடையில் ஏதோ ஒரு பாட்டிலை வாங்கிவிடுவோம், அதனால் இதைச் சேர்த்தே சொல்கிறேன். கண்பாவையை விரிக்கும் சொட்டில் ஃபினைல்எஃப்ரின் இருந்தால் இரத்த அழுத்தம் ஏறக்கூடும் என்பதாலும் இந்த மாத்திரைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அமான்டடின். இதுவும் பார்க்கின்சன் மருந்துதான். அரிதாகக் கருவிழியில் நீர் கோத்து வீங்க வைக்கும். கருவிழியின் உள்பக்கச் செல்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. இந்த மருந்தை எடுப்பவர் என்றால் அதைச் செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.

டிரைஹெக்ஸிஃபெனிடில் (பாசிடேன்). நடுக்கத்துக்குத் தருவது. கண்ணின் வடிகால் கோணம் குறுகலாக உள்ளவர்களுக்குத் திடீரென்று கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் தரும்.

இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளையும் அதே தாளில் எழுதுங்கள். மூளையில் மின்முனை வைத்து மார்பில் கருவி பொருத்தியவர் என்றால் அதைத் தாளின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். இரத்தக் கசிவை நிறுத்தச் சுடும் கருவியில் எந்த வகையைப் பயன்படுத்தலாம், பொருத்திய கருவியை ஓடவிடுவதா நிறுத்துவதா என்பதை இரண்டு மருத்துவர்களும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

4. கண் ஆஸ்பத்திரிக்கு முன் நரம்பியல் மருத்துவர்

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, முதல் நாள் சாயங்காலம் நரம்பியல் மருத்துவரிடம் "ஃபிட்னஸ்" கடிதம் கேட்டு நிற்பார்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ கொஞ்சம் மாற்றினால் நடுக்கம் குறையும் என்று அவர் நினைத்தாலும், அந்த மாற்றம் நிலைக்கச் சில வாரம் வேண்டும். ஒரு மாதம் முன்னால் போனால்தான் அவரால் ஏதாவது செய்ய முடியும்.

அவரிடம் ஐந்து நாள் குறிப்பைக் காட்டி, ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடக் கூடாது என்பது ஒன்று. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் இறுக்கம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அறுவைக்கு உகந்த நேரம் எது என்பது இரண்டாவது. கொடுக்கக் கூடாத மருந்துகள் எவை என்பது மூன்றாவது.

அந்த மூன்றாவதை நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு (பெரினார்ம்), புரோகுளோர்பெரசின் (ஸ்டெமெட்டில்), மனக்குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால் மூன்றும் டோபமினைத் தடுப்பவை. ஒரே ஊசியில் ஆளை மரக்கட்டை போல ஆக்கிவிடும். வாந்தி வந்தால் ஒண்டான்செட்ரான் போன்ற மாற்று உண்டு. ஆனால் பார்க்கின்சனுக்காக அபோமார்ஃபின் ஊசி எடுப்பவர்களுக்கு அதுவும் ஆகாது. எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.

5. இமையைச் சுத்தம் செய்தல், கண் காய்வைக் குணப்படுத்தல்

லென்ஸ் அளவு எடுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இது தொடங்க வேண்டும். பார்க்கின்சனில் முகத் தோல் எண்ணெய் வழிந்து, புருவத்திலும் இமை ஓரத்திலும் பொடுகு படிவது சாதாரணம். இமை ஓரம் அழுக்காக இருந்தால் அறுவையின்போது கிருமி உள்ளே போகும் ஆபத்து கூடுகிறது. கண் காய்ந்திருந்தால் கருவிழியின் வளைவை அளக்கும் கருவி தப்பான எண்ணைக் காட்டும்; அந்த எண்ணை வைத்துத்தான் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள்.

மிதமான சூட்டில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை ஐந்து நிமிடம் மூடிய இமை மேல் வைத்து, பிறகு இமை ஓரத்தை மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். தினமும் இரண்டு வேளை. கண்ணீர்ச் சொட்டு எத்தனை முறை என்பதை மருத்துவர் சொல்வார். இந்த வேலைக்கு அவசரம் காட்டாதீர்கள். அப்பாவின் முதல் கண்ணுக்கு நாங்கள் இதைச் செய்யவில்லை. அளவை மூன்று முறை எடுத்தார்கள், மூன்றும் மூன்று விதமாக வந்தது.

6. அளவு எடுக்கும் நாளும் லென்ஸ் தேர்வும்

அளவு எடுக்கத் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு புள்ளியை அசையாமல் பார்க்க வேண்டும். இதற்கும் மாத்திரை வேலை செய்யும் நேரம்தான் சரி. பரிசோதனைக்குத்தானே என்று பலர் எந்த நேரத்திலும் கூட்டிவந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மாத்திரை இறங்கிய பிறகு எடுக்கும் அளவை நம்ப முடியாது. வரிசையில் நிற்கும்போதே பதிவு மேஜையில் சொல்லி நேரம் கேளுங்கள். மாத்திரைப் பெட்டியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

லென்ஸைப் பற்றி நான் அறுதியாக ஒன்று சொல்வேன். கிட்டம், தூரம் இரண்டும் தெரியும் மல்டிஃபோக்கல் லென்ஸை விலை கூடியதாலேயே நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். அது ஒளியைப் பங்கு போடும். அதனால் நெருக்கமான நிறங்களைப் பிரிக்கும் திறன் இன்னும் குறையும். பார்க்கின்சனில் ஏற்கெனவே குறைந்திருப்பது அதுதான். தூரத்துக்கு மட்டுமான மோனோஃபோக்கல் லென்ஸும், படிக்கத் தனிக் கண்ணாடியும் போதும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறையும், இரண்டு கண்ணும் சேர்ந்து இயங்கச் சிரமப்படுகிறவருக்கு ஒத்துவராது.

அறுவை முறையைப் பொறுத்தவரை, புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஃபேகோவில் வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. தையலில்லாத கைமுறை அறுவையில் 6, 7 மில்லிமீட்டர் வரை போகும். இரண்டும் நல்ல பலன் தருபவை. மிக இறுகிய புரைக்குக் கைமுறையே பொருத்தமாக இருக்கலாம். ஆனால் கீழே விழும் பழக்கம் உள்ளவருக்குச் சிறிய வெட்டு கூடுதல் பாதுகாப்பு. விழுவதைப் பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால் அவர் அதைக் கணக்கில் எடுப்பார்.

7. படுத்துப் பழகுதல்

நான் பார்த்தவரை, அறுவையின் போக்கை மாற்றிய ஒரே வீட்டுப் பயிற்சி இது. செலவில்லை. இரண்டு வாரம், தினமும் ஒரு முறை.

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், மெல்லிய தலையணையோடு மல்லாந்து படுக்க வையுங்கள். மூக்குக்கு மேலாக ஒரு மெல்லிய வேட்டியையோ துண்டையோ கூடாரம் போலத் தூக்கிப் பிடியுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடம் வரை கூட்டுங்கள். அறுவையில் முகத்தைத் துணியால் மூடுவார்கள். அந்த மூச்சுமுட்டலில்தான் பலருக்குப் பதற்றம் வருகிறது, பதற்றம் வந்தால் நடுக்கம் இரட்டிப்பாகிறது.

படுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது முதுகுக் கூன். தலை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், எத்தனை தலையணை வைத்தால் கழுத்து தளர்கிறது என்று எண்ணிக்கொண்டு, அதை ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். இரண்டாவது எச்சில். விழுங்குவது குறைந்தவருக்கு மல்லாந்து படுத்தால் எச்சில் தொண்டையில் தேங்கி இருமல் வரும். கண்ணுக்குள் கருவி இருக்கும்போது வரும் இருமல் ஆபத்தானது. எத்தனை நிமிடத்தில் இருமல் வருகிறது என்று பாருங்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் நிற்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது தலை. கை நடுங்கினால் சமாளிக்கலாம், தலையோ தாடையோ ஆடினால் மருத்துவருக்கு முன்பே தெரிய வேண்டும்.

இந்தத் தகவலை வைத்துத்தான் மரப்பு முறையை முடிவு செய்வார்கள். சொட்டு மருந்தால் மட்டும் மரக்க வைத்தால் கண்ணை அவரே அசையாமல் வைத்திருக்க வேண்டும். கண்ணைச் சுற்றிப் போடும் ஊசி விழியின் அசைவை நிறுத்தும். தலையின் அசைவை நிறுத்தாது. முழு மயக்கம் மிகச் சிலருக்கே தேவைப்படும். அதில் இன்னும் அதிகமான சோதனைகளும் அதற்குப் பிறகான குழப்பமும் உண்டு. லேசான தூக்க மருந்து தருவதாகச் சொன்னால், மிகக் குறைந்த அளவில் போதுமா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். இந்த நோயில் அதுவே சிலருக்குக் குழப்பத்தைக் கிளப்பிவிடும்.

கடைசியாக ஒரு சைகை. பார்க்கின்சனில் குரல் மெலிந்துவிடுகிறது, துணிக்கு அடியிலிருந்து பேசினால் யாருக்கும் கேட்காது. "இருமல் வருது, நிறுத்துங்க" என்பதற்கு நர்ஸின் கையை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்று பழக்குங்கள். அப்பா இரண்டாம் கண்ணின்போது ஒரு தடவை அப்படி அழுத்தினார். அறுவை செய்தவர் உடனே கையை எடுத்துக்கொண்டார், அப்பா விழுங்கி முடித்ததும் தொடர்ந்தார்.

8. நாளும் நேரமும் குறித்தல்

உங்கள் ஜன்னல் 8:15 முதல் 9:15 என்றால், அறுவை மேஜையில் படுக்கும் நேரம் அது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கண்பாவை விரிய மட்டுமே முக்கால் மணி ஆகலாம். முதல் ஆளாகப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்குப் பட்டியலில் நமக்கு முன்னால் யாருக்குத் தாமதமானாலும் அந்தத் தாமதம் நம் மேல் விழும்.

இலவச முகாம்களும் அரசு மருத்துவமனைகளும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை தருகின்றன. ஆனால் முகாமில் மொத்தமாகக் கூட்டிச் செல்லும்போது உங்கள் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதே மருத்துவமனையில் தனியாக நாள் வாங்கி, கடிதத்தைக் காட்டி நேரம் கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள்.

9. அறுவை நாள் காலை

முதல் கண்ணுக்கு நாங்கள் விழுந்த குழி இது. "காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வாங்க" என்றார்கள். அப்பா மாத்திரையையும் சேர்த்து விட்டுவிட்டார், நாங்களும் கவனிக்கவில்லை. 9 மணிக்கு மேஜையில் படுத்தபோது உடம்பு கம்பி போல இறுகி, தாடை ஆடியது. அன்றைக்கு அறுவையை நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர் முகம் அன்று இருந்த இருப்பை இன்னொரு வீட்டில் யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"ஒன்றும் சாப்பிடாமல்" என்றால் என்ன என்பதை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்குங்கள். சொட்டு மரப்பு என்றால் பல இடங்களில் லேசான காலைச் சாப்பாட்டுக்கே அனுமதி உண்டு. வெறும் வயிறு வேண்டும் என்றாலும், பார்க்கின்சன் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கலாமா என்று கேட்டு, பதிலைக் கடிதத்தின் மேலேயே எழுதி வாங்குங்கள். சாப்பிட அனுமதி இருந்தால் மாத்திரைக்குப் பிறகு அரை மணி விட்டுக் கஞ்சியோ இட்லியோ கொடுங்கள். பால், முட்டை போன்ற புரதம் மாத்திரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மெதுவாகக் கரையும் சிஆர் வகை மாத்திரையைப் பொடி செய்து கொடுக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் தனிக் கணக்கு. அதைத் தனியாகக் கேளுங்கள்.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டு அனுப்புங்கள். தலை வழியாகக் கழற்றும் பனியன், நைட்டி வேண்டாம். அன்றைய மாத்திரைகள் எல்லாவற்றையும், கூடுதலாக இரண்டு வேளைக்கும் சேர்த்துக் கையில் வைத்திருங்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சிண்டோபா இருக்கும் என்று எண்ண வேண்டாம். உள்ளே அழைப்பதற்குச் சற்று முன் கழிப்பறைக்குக் கூட்டிப் போய் வாருங்கள். கண் அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்திருந்தால் சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாகவே வரும்.

தாமதமாகிறது என்று தெரிந்தால் பேசாமல் உட்கார்ந்திருக்காதீர்கள். "அடுத்த மாத்திரை 9:30க்கு, கொடுக்கலாமா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்பதைத் தொந்தரவாக அவர்கள் நினைப்பதில்லை.

10. உள்ளே அனுப்பும்போது

கடிதத்தையும் மருந்துத் தாளையும் மயக்க மருத்துவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு விஷயம் வாயால் சொல்லுங்கள்: "முகத்தில் உணர்ச்சி தெரியாது, ஆனால் எல்லாம் புரியும். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும்." இதைச் சொல்லாவிட்டால் காது கேட்காதவர் என்றோ குழம்பியவர் என்றோ எண்ணிக் கத்துவார்கள். அவர் பதறுவார்.

முடிந்ததும் உடனே எழுப்பி நிறுத்த வேண்டாம். படுத்திருந்து எழுந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பிறகு எழுப்புங்கள்.

11. முதல் இரவு

ஒரு கண்ணை மூடியிருந்தால் ஆழம் தெரியாது. கால் உறைந்து நின்றுவிடும் பழக்கம் உள்ளவர் வாசற்படியில் அப்படியே நிற்பார். அன்றைக்கும் மறுநாளும் ஒருவர் கூடவே நடக்க வேண்டும், மூடிய கண் இருக்கும் பக்கமாக. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை விளக்கு எரியட்டும். மிதியடியைச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

பார்க்கின்சன் உள்ள பலர் கனவில் நடப்பதையெல்லாம் தூக்கத்தில் கையாலும் காலாலும் செய்வார்கள். அடிப்பார்கள், உதறுவார்கள். அந்தக் கை கண்ணில் படலாம். அதனால் பிளாஸ்டிக் கண்மூடியை இரவு மட்டுமல்ல, பகல் தூக்கத்திலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். எத்தனை நாள் என்று மருத்துவர் சொன்னாரோ, அத்தனை நாளும். கட்டில் பக்கத்து ஸ்டூலைத் தள்ளிவையுங்கள்.

மலச்சிக்கலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டாம். முக்குவது புதிய கண்ணுக்கு நல்லதில்லை.

12. சொட்டு மருந்து: நோயாளி கையில் கொடுக்காதீர்கள்

நடுங்கும் கையால் பாட்டிலைப் பிடித்தால் ஒன்று மருந்து கன்னத்தில் விழும், இல்லை பாட்டிலின் முனை கண்ணில் குத்தும். வீட்டில் இரண்டு பேர் பழகிக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியூர் போனாலும் நிற்கக் கூடாது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவரைப் படுக்க வையுங்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவர் என்றால் இமையைப் பிரிக்கப் போராட வேண்டாம். மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விட்டு, மெதுவாகத் திறக்கச் சொன்னால் மருந்து உள்ளே வழிந்துவிடும். பிறகு அதே மூலையில், மூக்கு எலும்போடு ஒட்டி, ஒரு நிமிடம் மெல்ல விரலால் அழுத்துங்கள். விழியின் மேல் அழுத்தக் கூடாது. மருந்து மூக்குவழி இறங்கி உடம்பில் கலப்பது இதனால் குறையும். இரண்டு சொட்டுகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பால் போல இருக்கும் பிரெட்னிசலோன் சொட்டை ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அடியில் மருந்து படிந்து மேலே வெறும் நீர்தான் இருக்கும்.

ஸ்டீராய்டு சொட்டை வாரந்தோறும் குறைத்துக்கொண்டே 4 முதல் 6 வாரம் வரை தருவது வழக்கம். பார்வை தெளிந்துவிட்டது என்று இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. உள்ளே அழற்சி மறுபடி கிளம்பிவிடும். மாத்திரையும் சொட்டும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். மாத்திரைக்கு அடிக்கும் அதே அலாரத்தில் சொட்டையும் சேர்த்தால் மறப்பது குறையும்.

எண்ணெய்க் குளியல், தலைக்குக் குளியல் எல்லாம் மருத்துவர் சொன்ன தேதிக்குப் பிறகுதான்.

13. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வலி கூடுவது, சிவப்பு கூடுவது, தெளிந்த பார்வை மறுபடி மங்குவது. முதல் ஒரு வாரத்தில் இவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமித் தொற்று என்றால் சில மணி நேரத் தாமதமும் பார்வையைப் பறிக்கும். பளிச் பளிச் என்று மின்னல், திடீரென்று கூட்டமாகக் கறுப்புப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது இவையெல்லாம் விழித்திரை பிரிவதன் அடையாளம். கீழே விழுந்து கண்ணிலோ நெற்றியிலோ அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

இவர்கள் வலியைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே காலண்டரின் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை.

14. இரண்டாவது கண்ணும் கண்ணாடியும்

இடைப்பட்ட வாரங்களில் ஒரு கண் தெளிவு, ஒரு கண் மங்கல் என்பதால் தடுமாற்றம் அதிகம். பழைய கண்ணாடியை அப்படியே மாட்டினால் அறுவை செய்த கண்ணுக்கு அது தப்பான பவர். கண்ணாடிக் கடையில் அந்தப் பக்க லென்ஸை மட்டும் கழற்றிவிடச் சொல்லுங்கள், நிமிட வேலைதான். இரண்டு பக்கமும் எண்ணில் பெரிய வித்தியாசம் இருந்தால் அது ஒத்துவராது. அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். இரண்டாவது கண்ணை ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள்.

இறுதிக் கண்ணாடிக்கு அளவு எடுப்பதும் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான், கண் ஆறிய பிறகு. கடைக்காரர் பைஃபோக்கலோ புரோகிரசிவோ எடுக்கச் சொல்வார். வேண்டாம். படி இறங்கக் கீழே பார்க்கும்போது கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க நேரும், படி மங்கும், கால் தவறும். நடப்பதற்குத் தூரக் கண்ணாடி தேவைப்பட்டால் அது தனியாக, படிப்பதற்கு ஒன்று தனியாக. படிக்கும் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிவிட்டால் அதைப் போட்டுக்கொண்டே எழுந்து நடப்பது குறையும்.

மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடி பனி போலானால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கலாம். லேசரில் சில நிமிடத்தில் சரியாகும். ஆனால் அதற்கும் தாடையைத் தாங்கியில் வைத்து அசையாமல் உட்கார வேண்டும். அந்த ஐந்து நாள் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருடத்தில் மாத்திரை நேரம் மாறியிருக்கும், புதிதாக ஐந்து நாள் எழுதிக்கொண்டு நாள் வாங்குங்கள்.